ஆறு உடையும் நிமிடம்

மார்ச் மாதத்து முதல் வார இறுதியில், அலாஸ்காவின் நெனானா என்ற சிற்றூரில், ஊரே ஆற்றுக்குள் இறங்குகிறது. யாரும் நனைவதில்லை. டனனா ஆறு அப்போது ஏறத்தாழ ஒரு மீட்டர் கனத்துக்கு உறைந்து, வண்டி ஓட்டிப் போனாலும் தாங்குகிற தரையாகக் கிடக்கும். அந்தத் தரையைக் குடைந்து, கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டையடித்த ஒரு பெரிய மரச்சட்டத்தை நிமிர்த்தி நடுகிறார்கள். முக்காலி என்று பெயர்; கால்கள் என்னவோ நான்கு. கரையிலிருந்து சுமார் 300 அடி தள்ளி அது நிற்க, அதிலிருந்து புறப்படும் ஒரு கம்பி கரையிலுள்ள கடிகாரத்தோடு போய்ச் சேர்கிறது. அன்று சாப்பாடும் விளையாட்டும் கூச்சலுமாக ஊர் களைகட்டும்.

அதன்பின் காத்திருப்பு. பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ ஒரு நாள் பனித்தரை விரிசல் கண்டு நகரத் தொடங்கும். முக்காலி 100 அடி நகர்ந்ததும் கம்பி இழுபட்டுக் கடிகாரம் நின்றுவிடும். எந்த நாள், எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தவர்களில் யார் கணிப்பு மிக நெருங்கி வருகிறதோ அவருக்குப் பரிசு. 2014-ல் அந்தப் பரிசு 3,63,627 டாலர். ஊரின் மக்கள்தொகை நானூறுகூட இல்லை.

நெனானா ஐஸ் கிளாசிக் என்னும் இந்தப் பந்தயம் நூறு ஆண்டுகளைத் தாண்டி நடக்கிறது. ஊர் நலனுக்குப் பணம் திரட்டுவதற்கான ஏற்பாடு இது. அதுவே, யாரும் திட்டமிடாமல், வடதுருவத்தை ஒட்டிய நிலப்பரப்பின் மிக நீண்ட தட்பவெப்பப் பதிவுகளில் ஒன்றாகவும் ஆகிவிட்டது. எந்த ஆய்வுக் கூடமும் இதற்குப் பணம் ஒதுக்கவில்லை. எந்த விஞ்ஞானியும் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கவில்லை.

எப்படித் தொடங்கியது என்பது எளிய கதை. ஃபேர்பேங்க்ஸ் நகரிலிருந்து தென்மேற்கே தொண்ணூறு கிலோமீட்டர் அளவில், டனனா ஆறும் நெனானா ஆறும் கூடும் இடத்தில் இருக்கிறது ஊர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு அலாஸ்காவுக்கு ரயில் பாதை போட்டபோது பொறியாளர்கள் இங்கே முகாமிட்டிருந்தார்கள். நீண்ட குளிர்காலம், செய்வதற்கு அதிகம் இல்லை. ஆற்றில் பனி உடைந்தால்தான் படகு வரும், படகு வந்தால்தான் சரக்கு வரும். அதனால் எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி: எப்போது உடையும்? 1917-ல் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு 800 டாலர் சேர்த்துப் பந்தயம் கட்டினார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 30 அன்று முற்பகல் பதினொன்றரை மணிக்குப் பனி நகர்ந்தது. அந்தத் தேதிதான் ஏட்டில் முதல் வரி.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1923 ஜூலை 15 அன்று, அமெரிக்க அதிபர் வாரன் ஹார்டிங் இந்த ஊருக்கு வந்து ரயில் பாதையின் கடைசி ஆணியை, தங்க ஆணியை, அடித்து முடித்து வைத்தார். 1925 ஜனவரியில் நோம் என்னும் ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, ரயிலில் வந்த மருந்தை நாய்வண்டியில் ஏற்றி அனுப்பியதும் நெனானாவிலிருந்துதான். இருபது ஓட்டிகள் மாறி மாறி ஐந்தரை நாளில் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இந்த இரண்டையும் வரலாற்றுப் புத்தகங்கள் பெரிதாகச் சொல்கின்றன. ஆனால் உலகுக்கு நெனானா தந்த பெரிய கொடை அந்தப் பந்தய ஏடுதான் என்பது என் கட்சி.

பணம் திரட்டும் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பதிவின் நம்பகத்தன்மை அங்கேதான் இருக்கிறது. பிப்ரவரி தொடக்கத்திலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை அலாஸ்கா முழுவதும் கடைகளில் சிவப்பு நிற டப்பாக்கள் வைக்கப்பட்டிருக்கும். சீட்டு வாங்கி, கணிப்பை எழுதி, டப்பாவில் போட்டுவிட வேண்டியதுதான். சீட்டின் விலை நெடுநாள் இரண்டரை டாலராக இருந்தது. டப்பாக்கள் ஊருக்குத் திரும்பியதும் ஒவ்வொரு சீட்டையும் பிரித்து, அடுக்கி, கணினியில் ஏற்றி, எல்லாக் கணிப்புகளையும் புத்தகமாகவே அச்சடிக்கிறார்கள். வேலைவாய்ப்பு அரிதான ஊரில் பலருக்கு இது வசந்தகாலக் கூலி. பரிசு, கூலி, செலவு போக மிஞ்சுவது தொண்டு அமைப்புகளுக்கும் ஊர்த் தேவைகளுக்கும் போகிறது. இதுவரை பரிசாகக் கொடுத்த தொகை மட்டும் ஒரு கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

அலாஸ்காவில் அரசு லாட்டரி கிடையாது. ஆனால் தொண்டுக்காக நடக்கும் இப்படிப்பட்ட பந்தயங்களை மாநிலச் சட்டமே வகைவகையாகப் பெயர் சொல்லி அனுமதிக்கிறது. பனி உடைவது எப்போது என்பது ஒன்று. வசந்தத்தில் முதல் வாத்து வந்து இறங்குவது எப்போது என்று ஒன்று. சந்தையில் பரிசு வாங்கப்போகும் முட்டைக்கோஸின் எடை எவ்வளவு என்றுகூட ஒன்று உண்டு. சட்டப் புத்தகத்தில் சிரித்துக்கொண்டே படிக்கக் கூடிய பக்கங்கள் அபூர்வம். இது அதில் சேரும்.

சரி, ஆறு ஏன் உடைகிறது?

வெயில் வந்தால் பனி உருகும், அவ்வளவுதானே என்று தோன்றும். அவ்வளவு இல்லை. முதலில் பனி எப்படித் தடிக்கிறது என்று பார்க்க வேண்டும். நீரின் மேற்பரப்பு உறைந்தவுடன் அந்த முதல் படலமே ஒரு போர்வையாகிவிடுகிறது. அடியிலுள்ள நீர் உறைய வேண்டுமானால் அதன் வெப்பம் அந்தப் போர்வை வழியாகத்தான் மேலேறி வெளியே போக வேண்டும். போர்வை தடிக்கத் தடிக்க வெப்பம் வெளியேறுவது மெதுவாகிறது. 1891-ல் யோசெஃப் ஸ்டெஃபான் என்ற இயற்பியலாளர் இதைக் கணக்காக எழுதினார். சூடான பொருள்கள் வீசும் வெப்பத்துக்கு விதி கண்டவரும் அவரே. அவருடைய கணக்கின்படி பனியின் கனம் இரண்டு மடங்காக வேண்டுமானால் குளிர் நான்கு மடங்கு வேண்டும். ஆகவே கடுங்குளிர் நிலவும் அலாஸ்காவிலும் இந்த ஆறு அடித்தரைவரை உறைந்துவிடுவதில்லை. மேலே மனிதர்கள் நடக்க, கீழே குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்கு மேல் வானிலிருந்து விழும் வெண்பனி வந்து ஆட்டத்தை மாற்றுகிறது. பொலபொலவென்று விழுந்த வெண்பனிக்குள் காற்று நிறைய. கட்டிப்பனியோடு ஒப்பிட்டால் வெப்பத்தை அது கடத்துவது பத்தில் ஒரு பங்கு அளவுதான். எனவே குளிர்காலத் தொடக்கத்தில் வெண்பனி அதிகம் விழுந்தால், ஆற்றின் பனி மெலிந்தே இருக்கும். வெண்பனி குறைந்த ஆண்டில் தடிக்கும். ஆனால் அதே வெண்பனி வசந்தம் வரை கிடந்தால் கட்சி மாறிவிடுகிறது. புதிய வெண்பனி தன்மேல் விழும் சூரிய ஒளியில் எண்பது சதவீதத்துக்கு மேல் திருப்பியனுப்பிவிடும். குளிர்காலத்தில் பனி வளராமல் தடுத்த அதே பொருள், வசந்தத்தில் பனி அழியாமல் காக்கிறது. பந்தயக்காரர்கள் குளிர்காலம் முழுக்கப் பனியின் கனம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அமைப்பாளர்களும் அளந்து சொல்வார்கள். அந்த எண்ணை மட்டும் வைத்துக் கணிப்பவர் ஏமாறுவதற்கு இது ஒரு காரணம்.

உருக்குவதற்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும்? ஒரு மீட்டர் கனமுள்ள பனியில் ஒரு சதுர மீட்டரை வெட்டியெடுத்தால் அதன் எடை சுமார் 917 கிலோ. சுழியம் டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் பனியை அதே சுழியம் டிகிரியில் தண்ணீராக்க 80 கலோரி தேவை. அந்த ஒரு கிராம் தண்ணீரை அதன்பின் 80 டிகிரி வரை சூடாக்க ஆகும் வெப்பம் எவ்வளவோ, அவ்வளவு வெறுமனே உருகுவதற்கே செலவாகிவிடுகிறது. கணக்குப் போட்டால் அந்த ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 85 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதி இந்த ஒரு பாளத்துக்கே தீர்ந்துவிடும். ஆறோ பல நூறு அடி அகலம், பல நூறு கிலோமீட்டர் நீளம்.

ஏப்ரல் கடைசியில் அங்கே பகல் ஏறத்தாழ 17 மணி நேரம். வானம் தெளிந்திருந்தால் ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு ஐந்தாறு யூனிட் அளவுக்குச் சூரிய ஆற்றல் விழும். அத்தனையும் பனிக்குள் போனால் பதினைந்து நாளில் ஒரு மீட்டர் பனி காணாமல் போய்விட வேண்டும். ஆனால் வெண்பனி இருக்கும்வரை பெரும்பகுதி திரும்பிப்போகிறது. வெண்பனி கரைந்து, ஈரமாகி, மங்கலானதும் உள்வாங்குவது கூடுகிறது. உள்வாங்கியதால் இன்னும் கரைகிறது. கரைந்ததால் இன்னும் மங்குகிறது. தன்னைத் தானே துரத்திக்கொள்ளும் இந்தச் சுழற்சி தொடங்கிவிட்டால் பனியின் நாட்கள் எண்ணப்படுகின்றன.

இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பனி மேலிருந்து தேய்ந்து மெலிந்து மறைவதில்லை. கனம் அதிகம் குறையாமலேயே அது வலுவிழக்கிறது. ஆற்றுப்பனி உறையும்போது அதன் படிகங்கள் மேலிருந்து கீழாகத் தூண்தூணாக வளர்கின்றன. நீரில் கரைந்திருக்கும் உப்பும் அழுக்கும் படிகத்துக்குள் இடம் கிடைக்காமல் தூண்களுக்கு இடையிலுள்ள இடுக்குகளில் ஒதுங்குகின்றன. உப்பு சேர்ந்த இடம் முதலில் உருகும். பனி ஓரளவு ஒளி ஊடுருவும் பொருள் என்பதால் வசந்த வெயில் உள்ளே புகுந்து அந்த இடுக்குகளைத் தளர்த்துகிறது. கடைசியில் ஒரு மீட்டர் கனம் அப்படியே இருக்கும். ஆனால் கயிறு அவிழ்ந்த கரும்புக் கட்டு மாதிரி, தூண்களை ஒன்றோடொன்று பிடித்து வைக்க எதுவும் இருக்காது. மார்ச்சில் வண்டியைத் தாங்கிய பனி, ஏப்ரல் கடைசியில் அதே கனத்தோடு ஓர் ஆளைக்கூடத் தாங்காமல் போகலாம். குளிர்நாடுகளில் வசந்தகாலப் பனியில் இறங்கி உயிரிழப்பவர்கள் பலரும் கனத்தை நம்பி இறங்கியவர்கள்.

வலுவிழந்த பனி அதனாலேயே நகர்ந்துவிடாது. அதைத் தள்ள ஒன்று வேண்டும். மேலே மலைகளிலும் காடுகளிலும் வெண்பனி உருகி ஓடைகளில் இறங்கும்போது ஆற்றின் நீர்மட்டம் உயர்கிறது. பனி நீரைவிட இலேசானது. நீர் உயர்ந்தால் அதுவும் மேலெழ வேண்டும். கரையோடு ஒட்டியிருக்கும் ஓரம் எழ முடியாமல் பிளக்கிறது. நடுப்பகுதி கரையின் பிடியிலிருந்து விடுபட்டு மிதக்கிறது. ஓட்டம் கீழிருந்து இழுக்க, ஏதோ ஒரு பாளம் முதலில் நகர, பக்கத்துப் பாளம் அதன்மேல் மோத, ஒரு நிமிடத்துக்கு முன்புவரை அமைதியாக இருந்த ஆறு முழுவதும் உறுமிக்கொண்டு புறப்படுகிறது. கடிகாரம் நிற்பது அப்போதுதான்.

உடைவு இரண்டு விதம் என்று ஆற்றுப்பனி ஆய்வாளர்கள் பிரிக்கிறார்கள். வெயில் நிதானமாக வேலை செய்து, பனி இற்றுப்போய், நீர் மெல்ல உயர்ந்தால் அது சாதுவான உடைவு. பாளங்கள் நொறுங்கி மிதந்து போய்விடும். வசந்தம் தாமதமாகி, பனி இன்னும் உரத்தோடு இருக்கையில் திடீரென்று வெப்பம் ஏறி மலைநீர் பாய்ந்தால் அது முரட்டு உடைவு. உரம் குன்றாத பெரும் பாளங்கள் வளைவுகளில் சிக்கி அணைபோட்டுக்கொள்ளும். பின்னால் நீர் தேங்கி ஊருக்குள் ஏறும். 2013 வசந்தம் அப்படிப்பட்டது. நெனானாவில் அந்த ஆண்டு மே 20 பிற்பகல் வரை முக்காலி அசையவில்லை. அது ஏட்டிலேயே மிகத் தாமதமான நாள். 1964-லும் மே 20 அன்றுதான் உடைந்தது என்றாலும் முற்பகலிலேயே முடிந்துவிட்டது. 2013-ல் அதே மே மாதக் கடைசியில், டனனா போய்க் கலக்கும் யூகான் ஆற்றில், கலீனா என்ற ஊரைப் பனி அணை தேக்கிய வெள்ளம் மூழ்கடித்தது. பந்தயக்காரர்களுக்கு அந்த ஆண்டு சுவையான ஆண்டு. கலீனா மக்களுக்கு வீடிழந்த ஆண்டு. பனி உடைவதை முன்கூட்டியே கணிக்க அமெரிக்க வானிலைச் சேவை ஆற்றின்மேல் விமானத்தில் சுற்றிப் பார்ப்பதெல்லாம் பரிசுக்காக இல்லை.

இத்தனை இயற்பியல் தெரிந்தால் பரிசு வாங்கிவிடலாமா? முடியாது. வானிலை முன்னறிவிப்பு, பனியின் கனம், வெண்பனியின் அளவு எல்லாவற்றையும் சேர்த்தால் எந்த வாரம் என்று ஓரளவு சொல்லலாம். பகல் வெப்பம் உச்சத்துக்கு வந்த பிறகே ஆறு அசைவது வழக்கம் என்பதால் நள்ளிரவைவிடப் பிற்பகலைச் சொல்வது புத்திசாலித்தனம். அதற்குமேல் நிமிடத்தைத் தீர்மானிப்பது எந்த வளைவில் எந்தப் பாளம் எந்தக் கணத்தில் வழுக்கியது என்பது. சீட்டு வாங்கும் காலமும் ஏப்ரல் முதல் வாரத்தோடு முடிந்துவிடுகிறது. மீதி நாட்களின் வானிலை அப்போது யாருக்கும் தெரியாது. ஒரு மாதத்துக்குள் 43,200 நிமிடங்கள். அதில் ஒன்றைத் தொட்டவர் அறிவாளியா அதிர்ஷ்டசாலியா என்றால், நான் இரண்டாவதற்கே ஓட்டுப் போடுவேன்.

இனி விஞ்ஞானிகள் உள்ளே வருகிறார்கள். கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கடலாய்வு நிலையத்தில் இருந்த ரஃபேல் சகாரின், ஃபியோரென்சா மிச்செலி இருவரும் 2001 அக்டோபரில் சயன்ஸ் இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். நெனானா ஏட்டை எடுத்து, 1917 முதல் அதுவரையான 84 ஆண்டுகளின் தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்ததில், பனி உடைவது சராசரியாக ஐந்தரை நாள் முன்னால் வந்திருப்பது தெரிந்தது.

விஞ்ஞானிகள் ஒரு சூதாட்ட ஏட்டை நம்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. என் கேள்வி மறுபக்கத்திலிருந்து வருகிறது: வேறு எதை நம்புவது? பழைய வானிலை நிலையங்களின் பதிவுகளை எடுத்துப் பாருங்கள். கருவி மாறியிருக்கும், நிலையம் இடம் மாறியிருக்கும், பக்கத்தில் கட்டடம் எழும்பியிருக்கும், அளப்பவர் விடுப்பில் போயிருப்பார். நெனானாவில் அதே ஆறு, அதே வளைவு, அதே வகை முக்காலி, கம்பி, கடிகாரம். கோடைகாலத்தில் அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் வழக்கத்தைக்கூட இந்தப் பந்தயம் ஏற்பதில்லை. பழைய நேரக் கணக்கிலேயே ஓடுகிறது. விதியைச் சற்று மாற்றினாலும் தோற்றவர்கள் சும்மா விடமாட்டார்கள். பல லட்சம் டாலர் ஒரு நிமிடத்தைச் சார்ந்திருக்கும்போது அந்த நிமிடத்தை ஆயிரம் கண்கள் சரிபார்க்கின்றன. ஆராய்ச்சி நிதியால் நூறு ஆண்டு விடாமல் நடத்த முடியாத ஒன்றைப் பரிசுப்பணம் நடத்திவிட்டது.

அதே 2001-ல் சகாரின் நேச்சர் இதழில் இன்னொரு குறிப்பு எழுதினார். வசந்தம் முன்னால் வருகிறது என்று காட்டத் தேதிகளை எண்ணும்போது காலண்டரே ஏமாற்றக்கூடும் என்பது அவர் எச்சரிக்கை. நான்கு ஆண்டுக்கு ஒரு முறை பிப்ரவரி 29 வருவதால் காலண்டர் ஆண்டின் சராசரி 365.25 நாள். ஒரு வசந்தச் சமநாளிலிருந்து, அதாவது பகலும் இரவும் சமமாகும் மார்ச் மாதத்து நாளிலிருந்து, அடுத்ததுவரை ஆவதோ அதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவு. இந்தப் பிழையைத் திருத்தத்தான் நூற்றாண்டுத் தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு பிப்ரவரி 29 கிடையாது. ஆனால் 2000-க்கு அந்த விலக்கு இல்லை. எனவே இருபதாம் நூற்றாண்டு முழுக்கச் சமநாள் சத்தமில்லாமல் முன்னோக்கி நகர்ந்துகொண்டே வந்தது. 84 ஆண்டில் அது ஏறத்தாழ 15 மணி நேரம். பூமி சூடாகாமலே இருந்திருந்தாலும் இந்த அளவுக்கு வசந்தம் முன்னால் வந்ததுபோலத் தேதி காட்டியிருக்கும். ஐந்தரை நாளில் இது சிறு பங்குதான். ஆனால் ஓரிரு நாள் மாற்றத்தை வைத்து வாதாடும் ஆய்வுகளுக்கு இது பெரிய ஓட்டை. தேதியை விட்டுவிட்டு, சமநாளிலிருந்து எத்தனை நாள் என்று எண்ணுங்கள் என்றார் சகாரின்.

நம் பஞ்சாங்கத்தை வைத்து எண்ணினால் ஓட்டை இன்னும் பெரிதாகும். சித்திரை முதல் நாள் நட்சத்திரக் கணக்கில் ஓடுகிறது. அந்த ஆண்டு, பருவங்களின் ஆண்டைவிட இருபது நிமிடத்துக்கும் கொஞ்சம் கூடுதல். அறுபது எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் சித்திரை பருவத்தைவிட்டுப் பின்தங்கிப் போய்க்கொண்டிருக்கிறது. நெனானா ஏட்டைத் தமிழ்த் தேதியில் எழுதிவைத்திருந்தால், காலநிலை மாற்றமே இல்லாமலும் நூறு ஆண்டில் பனி ஏறத்தாழ ஒன்றரை நாள் முந்தியதாகத் தெரிந்திருக்கும்.

ஏட்டுக்கு வேறு குறைகளும் உண்டு. அது ஒரே ஓர் ஆற்றின் ஒரே ஒரு வளைவைப் பற்றித்தான் பேசுகிறது. ஆண்டுக்கு ஆண்டு ஊசலாட்டமும் அதிகம். 2013-ல் மே 20 என்றால், 2019-ல் ஏப்ரல் 14, அதிகாலை 12 மணி 21 நிமிடம்! நம் சித்திரைப் பிறப்பன்று. அதற்கு முந்தைய சாதனை ஏப்ரல் 20; 1940-லும் 1998-லும் இரண்டு முறை அந்தத் தேதியில் உடைந்திருந்தது. ஆறு நாள் ஒரே தாவல். பசிபிக் கடலின் வடபகுதி பல பத்தாண்டுகளுக்கு ஒரு முறை சூடாகியும் குளிர்ந்தும் மாறும் போக்கு உடையது. 1976 வாக்கில் அது சூடான பக்கத்துக்குத் திரும்பியது அலாஸ்காவின் வசந்தத்தை முன்னால் இழுத்ததில் பங்கு வகித்திருக்கிறது. ஆகவே ஐந்தரை நாளையும் புவி வெப்பமாதலின் கணக்கிலேயே எழுதிவிட முடியாது. 2013-ஐக் காட்டிப் பூமி சூடாகவில்லை என்பவரும், 2019-ஐ மட்டும் காட்டி உலகம் முடிந்தது என்பவரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள். ஏட்டை மொத்தமாகப் படிக்க வேண்டும்.

ஒரே ஏடு போதாதென்றால் உலகில் வேறு ஏடுகளைத் தேடலாம். தேடினால், பழைய பதிவுகளில் பல திருவிழாக்களையும் வணிகத்தையும் ஒட்டியே கிடைக்கின்றன. ஜப்பானின் சுவா ஏரி உறைந்து, இரவு பகல் வெப்ப மாற்றத்தில் பனி சுருங்கி விரியும்போது, ஏரியின் குறுக்கே ஒரு பனிமேடு எழும்பும். ஆண் தெய்வம் ஏரியைக் கடந்து தேவியைப் பார்க்கப் போன தடம் அது என்பது அங்குள்ள நம்பிக்கை. ஷிண்டோ கோயில் பூசாரிகள் 1443 முதல் அதைக் குறித்து வருகிறார்கள். முதல் 250 ஆண்டுகளில் ஏரி உறையாமல் போனது மூன்றே முறை. 2005-லிருந்து 2014 வரையான பத்தாண்டில் மட்டும் ஐந்து முறை. பின்லாந்தில் டோர்னே ஆற்றின் பனி உடையும் நாளை 1693-ல் ஓலோஃப் ஆல்போம் என்ற வணிகர் குறிக்கத் தொடங்கினார். ரஷ்யப் படைக்கு அஞ்சி அவர் ஊரைவிட்டு ஓடிய சில ஆண்டுகள் மட்டுமே இடைவெளி. கியோட்டோவில் செர்ரி மலர் பார்க்கும் விருந்துகளைப் பற்றி அரசவையினர் எழுதிவைத்த நாட்குறிப்புகளைத் திரட்டி, யசுயுகி ஆவோனோ என்ற ஆய்வாளர் 812-ஆம் ஆண்டுவரை பின்னோக்கிப் போயிருக்கிறார். அந்த ஆயிரத்து இருநூறு ஆண்டில் மலர்கள் முழுமையாகப் பூத்த மிக முந்தைய தேதிகளில் ஒன்று 2021 மார்ச் 26. பூசாரிக்குத் தெய்வம், வணிகருக்குச் சரக்கு, அரசவையினருக்கு விருந்து, நெனானாக்காரருக்குப் பரிசு. ஒருவருக்கும் தட்பவெப்பநிலை ஒரு பொருட்டாக இல்லை. அதனால்தான் முடிவை வளைக்க யாருக்கும் காரணமும் இல்லை.

நெனானாவைப் போலவே அமெரிக்காவின் குளிர்ப்பகுதிச் சிற்றூர்கள் பலவும் தங்கள் ஏரியில் ஒரு பொருளை வைத்துச் சீட்டு விற்கின்றன. பழைய காரை நிறுத்திவைத்து, அது மூழ்கும் நேரத்தைக் கணிக்கச் சொல்லும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. பிற்பாடு நீர் மாசுபடுவதை நினைத்து எண்ணெயும் இயந்திரமும் கழற்றப்பட்டன, அல்லது காருக்குப் பதில் வேறு பொருள் வந்தது. வெர்மான்ட் மாநிலத்தின் மேற்கு டான்வில்லில் உள்ள ஜோஸ் பாண்ட் என்னும் ஏரியில் வைப்பது ஒரு சிமென்ட் கல்லையும் மரப்பலகைத் தட்டையும்தான். கல் மூழ்கும்போது கம்பி இழுபட்டு மின்கடிகாரம் நிற்கிறது. சீட்டு ஒரு டாலர். திரளும் பணத்தில் ஒரு பங்கு வென்றவருக்கு. இன்னொரு பங்கில் ஜூலை 4 சுதந்திர தினத்துக்கு ஏரிக்கரையில் வாணவேடிக்கை.

அந்தப் பந்தயம் தொடங்கியது 1988-ல். ஓரிடத்தின் சராசரித் தட்பவெப்பநிலை என்று சொல்ல உலக வானிலை அமைப்பு கேட்பது 30 ஆண்டுப் பதிவு. ஜோஸ் பாண்ட் ஏடு அந்த எல்லையைத் தாண்டியிருக்கிறது. அங்கே சீட்டு வாங்குபவர்கள் வாணவேடிக்கைக்குத்தான் பணம் போடுகிறார்கள். ஏடு கூடவே வளர்ந்துவருகிறது.